கடலுக்கு ஏது நடை? கன்னியாகுமரியில் பார்க்க வேண்டிய இடங்கள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச அழைத்தபோது "கன்னியாகுமரியில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்று தலைப்புக் கொடுத்தேன். அமைப்பாளர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் சுற்றுலாக் கையேட்டின் பெயர் போல இருக்கிறதே என்றார்கள். உண்மைதான். அந்தக் கையேட்டை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். நாம் இன்று நினைவுகூரும் தோழர், நூலகத்தில் தேடியதைவிடத் திண்ணைகளில் அதிகம் தேடியவர். ஓர் ஊருக்குப் போனால் முதலில் அந்த ஊரின் கிணற்றையும் பாதையையும் பற்றி விசாரிப்பார். அவர் வழியிலேயே ஓர் ஊரைச் சுற்றிவருவோம் என்பதுதான் என் எண்ணம்.

கையேடு சொல்லும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பகவதி அம்மன் கோவில், முக்கடல் கூடும் இடம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, காந்தி மண்டபம், காமராசர் மணிமண்டபம், வட்டக்கோட்டை, பக்கத்தில் சுசீந்திரம். செய்ய வேண்டியவை என்றும் ஒரு பட்டியல் உண்டு. கடலில் நீராட வேண்டும், அம்மனைத் தொழ வேண்டும், படகில் பாறைக்குப் போக வேண்டும், சூரிய உதயமும் மறைவும் பார்க்க வேண்டும், சோழியும் சங்கும் வண்ண மணல் பொட்டலமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

இதில் எதுவும் பொய்யில்லை. எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்தப் பட்டியலில் எழுதப்படாத ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் அங்கே போக முடிய வேண்டும். போக வேண்டுமென்றால் பாதையில் நடக்க முடிய வேண்டும். நம் முன்னோருக்கு அது முடியாமல் இருந்தது. கன்னியாகுமரியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், நடப்பதற்கும் தண்ணீர் எடுப்பதற்கும் மேலாடை அணிவதற்கும் நடந்த போராட்டங்களின் தடங்கள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஊரைப் பார்த்ததாகும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1. கடல்

என் பாட்டியிலிருந்து தொடங்குகிறேன். எங்களுடையது தோவாளைப் பக்கத்தில் வயல்வேலை செய்த குடும்பம். ஆடி அமாவாசைக்குப் பாட்டி குமரிக்குப் போவாள். கடலில் முங்குவாள், செத்துப்போனவர்களை நினைத்துக் கும்பிடுவாள், ஈரச் சேலையோடு திரும்பிவிடுவாள். கோவில் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தும் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. சிறுவனாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். "கோயிலுக்கு நட உண்டு. கடலுக்கு ஏது நட மக்ளே?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் நடை என்றால் கோவில் வாசல். நடை திறப்பது, நடை சாத்துவது என்று சொல்வோம். பாட்டி அந்தப் பேச்சைப் பேசியபோது கோவில் நடை எல்லோருக்கும் திறந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1936இல் திறந்த கதவு அவள் மனதுக்குள் திறக்கவில்லை. சின்ன வயதில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கால்களுக்குக் கற்பிக்கப்பட்டதோ, அந்த இடத்திலேயே அவை நின்றுவிட்டன. ஆணை ஒரே நாளில் வருகிறது, பழகிய கால் திரும்புவதற்கு ஒரு தலைமுறை போதவில்லை.

கடலில் முங்குவது பாட்டி கண்டுபிடித்த வழிபாடு அல்ல. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற வணிகர் கையேடு குமரியைக் குறிப்பிடுகிறது. அங்கே ஆண்களும் பெண்களும் வந்து நீராடி நோன்பிருந்து வாழ்கிறார்கள், ஒரு தேவதை அங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று அந்த நூல் கூறுகிறது. நாம் அறிந்த வரையில் குமரியைப் பற்றிய மிகப் பழைய பயணக் குறிப்புகளில் ஒன்று அது. அதில் சொல்லப்படுவது கடலும் நீராட்டும்தான். அந்தப் பழைய நீராட்டின் தொடர்ச்சியில்தான் என் பாட்டி நின்றாள். ஆகவே குமரியில் செய்ய வேண்டிய முதல் காரியம், கடலில் கால் நனைப்பது. இங்கே யாரும் யாரையும் சாதி கேட்டு நிறுத்த முடியாது.

2. கோவில்

பகவதி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை கிழக்கு வாசலைப் பற்றியது. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதினவாம். அதனால் அந்த வாசலை அடைத்துவிட்டு, ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறக்கிறார்களாம். வடக்கு வாசல் வழியாகத்தான் மற்ற நாட்களில் உள்ளே போகிறோம். கிழக்கு வாசல் அடைபட்டதற்கு அழகான கதை இருக்கிறது. வடக்கு வாசல் நமக்கு அடைபட்டிருந்ததைப் பற்றி எந்த வழிகாட்டியும் கதை சொல்வதில்லை.

1925இல் காந்தி கன்னியாகுமரிக்கு வந்தார். வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். கோவிலுக்குள் ஓரளவு வரை போக அவரை விட்டார்கள், கருவறைப் பக்கம் போக விடவில்லை. கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் வந்தவர் என்பது காரணம். அந்த வருத்தத்தை அவரே தம் பத்திரிகையில் எழுதினார். நாடு முழுவதும் தெரிந்த, சாதி இந்துவான ஒரு தலைவருக்கே ஓர் இடத்தில் கோடு கிழிக்கப்பட்டது என்றால் ஒரு புலையருக்கு, ஒரு சாம்பவருக்கு அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கும்? கோவிலுக்குள் எங்கும் இல்லை. கோவில் கண்ணில் படாத தூரத்தில், தெருமுனையில்.

கோவிலுக்குள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இங்கே நெடுநாளைய நடைமுறை. பலர் இதைப் பக்தி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் மேலே இருப்பவன் முன்னால் கீழே இருப்பவன் மார்பைத் திறந்து நிற்க வேண்டும் என்பது மரியாதையின் விதியாக இருந்தது. கடவுள் முன்னால் எல்லோரும், மேல்சாதி முன்னால் மற்றவர்கள். அந்த விதி பெண்களின் மீது சுமத்தப்பட்டபோது என்ன நடந்தது என்பதை ஊருக்கு வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும்.

3. சாமித்தோப்பு: ஒரு கிணறு, ஒரு தலைப்பாகை

குமரியிலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் போனால் சாமித்தோப்பு. அய்யா வைகுண்டரின் பதி இங்கே இருக்கிறது. அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் குலத்தில் பிறந்தவர். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து புதிய பிறவியாக வெளிவந்ததாக அவர் வழிவந்தவர்கள் நம்புகிறார்கள். அரசரையும் அதிகாரிகளையும் நீசர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துச் சிறையில் வைத்தது. 1851இல் மறைந்தார்.

இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று முத்திரிக் கிணறு. பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்க வேண்டும், குடிக்க வேண்டும் என்று வைகுண்டர் ஏற்படுத்தினார். டாக்டர் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20ஆம் நாள். அதற்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெற்குக் கோடியில் ஒரு கிணற்றைச் சுற்றி அதே கேள்வி எழுந்துவிட்டது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மகாத் குடியுரிமையின் போராட்டம், முத்திரிக் கிணறு ஒரு புதிய வழிபாட்டின் ஒழுங்கு. ஆனால் தண்ணீரில்தான் தீட்டு குடியிருக்கிறது என்பதை இரண்டுமே சரியாகக் கண்டுகொண்டன.

இரண்டாவது, தலைப்பாகை. தலையில் துணி கட்டுவது உயர்ந்தவர்களின் உரிமையாக இருந்த நாட்டில், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபட வேண்டும் என்று வைகுண்டர் விதித்தார். இன்றும் அப்படியே நடக்கிறது. மூன்றாவது, கண்ணாடி. பதியின் பள்ளியறையில் விக்கிரகத்துக்குப் பதில் கண்ணாடி இருக்கிறது. கும்பிடுகிறவன் தன்னையே பார்க்கிறான். தன் நிழல்கூட அடுத்தவன் மீது விழக்கூடாது என்று ஒடுங்கி நடந்தவனுக்குத் தன் முகத்தைக் கும்பிடச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோள்சீலைப் போராட்டத்தின் நிலமும் இதுதான். 1820களிலும் 1850களின் இறுதியிலும் மேலாடை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, வீடுகளும் வழிபாட்டு இடங்களும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் டிரவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு 1859 ஜூலை 26ஆம் நாள் அரசாணை வந்தது. அந்த ஆணையை முழுதாகப் படிக்க வேண்டும். சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது. உரிமையைக் கொடுத்த கையே வரம்பையும் போட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணை பேசியது சாணார் பெண்களைப் பற்றி மட்டும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்த புலையர், சாம்பவர் வீட்டுப் பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தப் பெண்கள் தங்கள் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிய 1915 வரை, அய்யன்காளி கூட்டிய கொல்லம் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டத்தைப் பெருமையோடு பேசுவோம். பேசும்போது இந்த இடைவெளியையும் சேர்த்துப் பேசுவோம்.

4. மயிலாடி: சிதம்பரத்துக்குப் போன ஒருவர்

அடுத்தது மயிலாடி. இன்று கல்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். கையேடு சொல்வதென்றால் அதைச் சொல்லும். நான் ஒரு புண்ணியப் பயணியைப் பற்றிச் சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரில் மகாராசன் என்ற சாம்பவர் இருந்தார். சிவபக்தர். தம் மருமகனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். ரயில் இல்லை, பேருந்து இல்லை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் குளத்தில் கைவைக்கலாம் என்று ஊருக்கு ஊர் கேட்டுக்கொண்டு போக வேண்டிய காலம். சிதம்பரம் அவரது தாகத்தைத் தீர்க்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாஃப் என்ற மிஷனரியின் உபதேசத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

ஊரில் எதிர்ப்பு வந்தது. மிஷனரி ஒருவரை அனுப்பும்படி அவர் வேண்டினார். 1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபைக் கோவில் என்று அதைச் சொல்கிறார்கள். 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனபோது சபைகளைத் தாங்கி நடத்தியவர் வேதமாணிக்கம்தான். 1827இல் காலமானார்.

வரலாற்று நூல்களின் தலைப்புகளில் ரிங்கல்தௌபே இருக்கிறார், மீட் இருக்கிறார். அவர்களை அழைத்துவந்த சாம்பவர் பெரும்பாலும் 'முதல் கிறித்தவர்' என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறார். தெற்குத் திருவிதாங்கூரின் பள்ளிக்கூடங்களும் அச்சகமும் மருத்துவமனையும் எங்கிருந்து தொடங்கின என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்த அந்த மனிதரின் கால்களில் வந்து நிற்போம். மதம் மாறியது சரியா தவறா என்பது இங்கே விவாதமே இல்லை. தெய்வத்தைத் தேடி இவ்வளவு தூரம் நடந்த ஒருவரை நிறைவில்லாமல் திருப்பி அனுப்பிய ஒரு சமூகம், அவர் வேறு வழியில் போனதற்காகப் பின்னால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

மிஷனையும் நாம் மூடிய கண்ணோடு புகழ வேண்டியதில்லை. ரிங்கல்தௌபேக்குப் பின் வந்து பல ஆண்டுகள் உழைத்த சார்லஸ் மீட், பறையர் குலத்திலிருந்து கிறித்தவரான குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார். அதனால் அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. ஞானஸ்நானத் தண்ணீரும் சாதியைக் கழுவிவிடவில்லை.

அந்தக் காலத்தின் அடித்தளத்தையும் சொல்லிவிட வேண்டும். 1836ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். எட்டில் ஒருவர். நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது. 1847இல் மிஷனரிகள் மனுக் கொடுத்தார்கள். 1853இல் ஒன்றும் 1855இல் ஒன்றுமாக இரண்டு ஆணைகள் வந்து அடிமைமுறை சட்டத்தில் முடிந்தது. வயல் வேலையில் முடியவில்லை. நாஞ்சில் நாட்டின் பச்சை வயல்களைப் பேருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டு குமரிக்குப் போகிறவர்கள் இந்த எண்ணிக்கையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. சுசீந்திரம்: தெருவே நினைவுச் சின்னம்

சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோவில். சிவனும் விஷ்ணுவும் பிரமனும் ஒன்றான மூர்த்தி. தட்டினால் இசைக்கும் தூண்கள், பெரிய அனுமன், உயர்ந்த கோபுரம். பாருங்கள், பார்க்க வேண்டியவைதான். பார்த்துவிட்டு வெளியே வந்து கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மெதுவாக ஒரு முறை நடந்து வாருங்கள். அந்தத் தெருவில் நடப்பதற்காகத்தான் 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கருவறைக்குள் நுழைவதற்காக அல்ல. தெருவில் நடப்பதற்கு.

வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போராட்டம் 1925இன் இறுதியில், கோவிலின் மூன்று பக்கத் தெருக்களைத் திறந்துவிட்டு, ஒரு பக்கத்தை அடைத்தே வைத்துக்கொண்ட உடன்பாட்டில் முடிந்தது. வைக்கத்தில் பங்கெடுத்த நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு சுசீந்திரம் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். போராட்டம் இடையில் நின்றது, 1930இல் மறுபடி தொடங்கியது. பூணூலும் பூசையும் தெரிந்தவர்களுக்கு ஒரு தெரு, வரி கட்டி, வயல் உழுது, தேர்வடம் திரிக்கும் நாரைக் கொடுத்தவர்களுக்குச் சுற்றுப்பாதை என்று இருந்த ஏற்பாட்டை அது கேள்வி கேட்டது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு மாட்டுவண்டி ஓடியது. 1893இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றை வாங்கி, வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை அணிந்து, தடுக்கப்பட்டிருந்த பொதுப்பாதையில் ஓட்டிப்போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். அவருக்கு அப்போது முப்பது வயது. வைக்கத்துக்கு முப்பது ஆண்டுக்கு முன், சுசீந்திரத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன், பாதை எங்களுக்கும் உரியது என்று சொன்ன குரல் ஒரு புலையரின் குரல். கோவில் நுழைவுப் போராட்ட வரலாற்றைச் சொல்லும்போது பலரும் வைக்கத்தில் தொடங்குகிறார்கள். நாம் அந்த வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

6. பாறையும் சிலையும்

இனி ஊருக்குத் திரும்பிப் படகுக்கு வரிசையில் நிற்போம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் குமரிக்கு வந்தார், கடலில் இருக்கும் பாறையில் தியானம் செய்தார். 1970இல் அங்கே நினைவாலயம் திறக்கப்பட்டது. அவர் இங்கே வந்து சேர்ந்தது மலையாள நாட்டின் வழியாக. அந்தப் பயணத்தில் கண்டதை 1897இல் சென்னையில் பேசினார். சொந்த மதத்தில் இருக்கும்வரை தெருவில் நடக்க விடாமல் தடுக்கப்படுகிற ஒருவன், வேறு மதப் பெயரை வைத்துக்கொண்ட மறுநாள் அதே தெருவில் தாராளமாக நடக்கிறானே என்று கேட்டார். அந்த நாட்டைப் பைத்தியக்காரர்களின் விடுதி என்று கடிந்துகொண்டார். சாதியமைப்பைப் பற்றிய அவரது மற்றக் கருத்துகளோடு நமக்கு முரண்பாடுகள் உண்டு. ஆனாலும் பாறைக்குப் போகிறவர்கள் தியானத்தோடு அந்தப் பேச்சையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

பக்கத்துப் பாறையில் வள்ளுவர். 2000 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்ட சிலை. கணபதி ஸ்தபதி வடித்தது. 133 அதிகாரத்துக்கு 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்தைக் குறிக்கும் 38 அடிப் பீடத்தின்மேல் 95 அடி உருவம். 2024 டிசம்பர் முதல் இரண்டு பாறைகளையும் ஒரு கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. இப்போது நடந்தே போகலாம்.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் வள்ளுவன் என்ற பெயரும் ஒன்று. திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒரு பறையர் தாய் வருகிறாள். அந்தக் கதைகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது தனி விவாதம். அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் கதைகளை மறுத்து, வள்ளுவரைப் பௌத்த மரபில் வைத்து எழுதினார். அவரே இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்தார். அவர் தம் குடும்பத்தில் வைத்திருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடிகளை அந்த அதிகாரியின் மூலம் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார். சேரியில் இருப்பவனுக்கு ஏடு எதற்கு என்று கேட்ட காலத்தில், குறளின் ஏட்டைப் பாதுகாத்து வைத்திருந்தது ஒரு சேரி வீடு.

வள்ளுவரின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாணவர்களே, கந்தப்பனின் பெயரையும் அங்கே ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். குரல் கடல் காற்றில் போனாலும் பரவாயில்லை.

7. யார் கொடுத்தது?

கரையில் காந்தி மண்டபம். 1948இல் அவரது அஸ்தி இங்கே கடலில் கரைக்கப்பட்டது. 1956இல் மண்டபம் கட்டி முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அக்டோபர் 2ஆம் நாள் நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் வரும்.

1925இல் தடுக்கப்பட்ட அதே காந்தி 1937 ஜனவரியில் மறுபடி குமரிக்கு வந்தார். நடுவில் 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், அரசுக் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தை வெளியிட்டிருந்தார். மதுரைக் கோவில் நுழைவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னாலேயே குமரிக் கோவில் திறந்துவிட்டது. இன்றும் மேடைகளில் இதை மன்னரின் கருணை என்கிறார்கள். திவானின் அறிவு என்கிறார்கள். காந்தியின் வெற்றி என்கிறார்கள்.

ஓராண்டு பின்னால் போவோம். 1935 அக்டோபரில் யேவ்லாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அதே ஆண்டில் திருவிதாங்கூரில் ஈழவத் தலைவர்கள் கூட்டமாக மதம் மாறுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசுப் பதவிகளிலும் சட்டமன்றத்திலும் பங்கு கேட்கும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. வேதமாணிக்கம் தனி ஒருவராக எடுத்த முடிவை லட்சக்கணக்கானோர் எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அரண்மனைக்கு வந்தது. அந்த அச்சத்தில்தான் கதவு திறந்தது. கருணையில் திறக்கும் கதவாக இருந்திருந்தால் அது எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே திறந்திருக்கும்.

அம்பேத்கர் இதில் ஏமாறவில்லை. 1933லேயே கோவில் நுழைவு மசோதாவைப் பற்றிய அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு வேண்டியது கல்வி, பதவி, வாழ்க்கை உயர்வு. கோவில் நுழைவு முடிவான இலக்கா, சாதியை ஒழிப்பதன் முதல் படியா என்று அதை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்லட்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கோவிலுக்குள் போகலாம், பூசை செய்ய முடியுமா? தேருக்கு வடம் பிடிக்கலாம், தேர் நம் தெருவுக்குள் வருமா? இவையெல்லாம் இன்றும் தமிழ்நாட்டில் நீதிமன்றங்களின் வாசலில் நிற்கும் கேள்விகள்.

8. சூரிய உதயத்துக்குப் பிறகு

கடைசியாக ஒரு காட்சி. குமரியில் எல்லோரும் பார்க்கும் சூரிய உதயத்தைப் பாருங்கள். கூட்டம் கைதட்டும், படம் எடுக்கும், தேநீர்க் கடைகளுக்குக் கலையும். நீங்கள் உடனே கலைந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். விளக்குமாறும் தள்ளுவண்டியுமாகச் சிலர் வருவார்கள். காகிதக் குவளை, பூமாலை, தேங்காய் மூடி, ஈரத்துணி எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவார்கள். எந்தப் புண்ணியத் தலத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. பாவத்தைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குப்பையைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதை அள்ளுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

கடற்கரையில் சுனாமி நினைவுச் சின்னம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் இந்தக் கரை முழுவதும் பிணங்கள் ஒதுங்கின. வடக்கே நாகப்பட்டினத்தில், நாட்கணக்கில் கிடந்த உடல்களை எடுக்கப் பல ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். போதிய கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்த வேலையைச் செய்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும் 2013இல் ஒரு சட்டமும் வந்தன. சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 1936இல் கதவு திறந்தும் பாட்டியின் கால் நகரவில்லை என்றேனே, இங்கே சட்டம் வந்தும் கைகள் அதே வேலையில் இருக்கின்றன. நினைவுச் சின்னத்தின் முன் நிற்கும்போது இறந்தவர்களோடு, இறந்தவர்களை அள்ளியவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

தோழர்களே, நான் சொன்ன இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அரசுப் பேருந்து போகிற இடங்கள்தான். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1936இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது நூறை நெருங்குகிறார்கள். அவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள், கேட்ட கதைகளோடு இன்னும் இருக்கிறார்கள். நோட்டும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தெருவில் போகக்கூடாது என்றார்கள், எந்தக் கிணற்றில் யார் ஊற்றிக் கொடுத்தார்கள், முதன்முதலில் கோவிலுக்குள் போனது யார், போனவர் வீட்டுக்குத் திரும்பியதும் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அரசாங்க ஆவணத்தில் தேதி இருக்கும், பயம் இருக்காது. பயம் இருப்பது அவர்களின் நினைவில்தான்.

என் பாட்டியிடம் நான் இதையெல்லாம் கேட்கவில்லை. கடலுக்கு ஏது நடை என்று அவள் சொன்னதைச் சிறுவன் ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டான். எந்த ஆண்டு, யார், எந்த இடத்தில் அவளை நிறுத்தினார்கள் என்று கேட்டிருந்தால் இன்று இந்தச் சொற்பொழிவில் ஒரு பக்கம் கூடுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் அவளோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் இருக்கும் பக்கம் போய்விட வேண்டாம்.

ஜெய்பீம்.